கறியை விட்டாச்சு... அப்புறம்?

சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், அதில் கம்பியைப் பிடிக்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அந்த நெரிசலிலும் என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டிபன் பாக்ஸைத் திறந்து, இரண்டு சப்பாத்தியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வான். பசி இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு ஊர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிற ஊர். எங்கள் பக்கத்தில் அவர்களை நயினார் என்று சொல்வோம்.

நான் கிறிஸ்தவன், ஆர்.சி. போன தவக்காலத்தில் ஒரு நாள் அவன் கேட்டான்.

"நீங்களும் இப்ப நோன்புதானே? என்னா விடுவீங்க?"

"கறி, மீன், முட்டை. நாற்பது நாளைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, ஈஸ்டர் அன்னைக்கு பிரியாணி."

சிரித்தான். பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னான். "எங்க ஆயா ராத்திரி சாப்பிடாததுக்குக் காரணம் கேட்டா, வெளக்கு வெளிச்சத்துல பூச்சி வந்து சோத்துல விழும், நம்மால ஒரு உயிரு போவக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நாங்க விடறது பூச்சிக்காக. நீங்க விடறது யாருக்காகடா?"

யேசுவுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நான் கோழி தின்னாததால் யேசுவுக்கு என்ன கிடைக்கிறது? அந்தக் கேள்விக்கு ஒரு வருஷம் கழித்து எழுதுகிற பதில்தான் இது. படித்துவிட்டு நம் ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் கணக்கு. பி.காம் படிக்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் வாரம் ஒரு கிலோ கோழி. 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவக்காலம் ஆறு வாரத்துக்கும் சேர்த்து மிச்சம் 1,500 ரூபாய். ஈஸ்டர் அன்று இரண்டு கிலோ மட்டன் வாங்கினால் அந்த 1,500-ம் போய் கையிலிருந்து இன்னும் கொஞ்சம் போகும். புதுத்துணியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆக, நாங்கள் நோன்பு இருந்ததில் நிகர நஷ்டம். நாற்பது நாள் சேர்த்து வைத்து நாற்பத்தொன்றாம் நாள் வட்டியோடு எடுப்பதற்குப் பெயர் துறவு இல்லை ஐயா, ரெக்கரிங் டெபாசிட்.

இரட்டைப் பதிவு முறையில் ஒரு அடிப்படை விதி உண்டு. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். நான் ஒன்றை விட்டேன் என்றால் அது யாரிடம் போய்ச் சேர்ந்தது? என் நண்பனின் ஆயா கணக்கில் அதற்குப் பதில் இருக்கிறது: ஒரு ஈசலுக்கு ஒரு நாள் ஆயுள் வரவு. என் கணக்கில் அந்தப் பக்கம் காலி. வரவு இல்லாத பற்றை ஆடிட்டர் பார்த்தால் என்ன சொல்வார் என்று பி.காம் முதல் வருஷப் பையனுக்கும் தெரியும்.

திருச்சபைச் சட்டம் நம்மிடம் கேட்பது ரொம்பக் குறைவு. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். மற்ற நாட்களிலும் கறி இல்லை என்பது நம் வீடுகள் சேர்த்துக்கொண்ட வழக்கம். வழக்கம் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் சாம்பல் புதன் முடிந்து இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை பூசையில் என்ன வாசகம் வாசிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஏசாயா 58. கடவுளே கோபமாகக் கேட்கிற பகுதி. நீ தலையைத் தொங்கப்போட்டுச் சாம்பலில் உட்காருவதையா நான் நோன்பு என்று கேட்டேன், கட்டப்பட்டவனை அவிழ்த்துவிடு, பசித்தவனுக்கு உன் சோற்றைப் பங்கு போடு என்கிற பொருளில் போகிறது. தவக்காலம் ஆரம்பித்த மூன்றாம் நாளே சொல்லிவிடுகிறார்கள். நாமும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்றதும் "இறைவா உமக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கத்திரிக்காய் சாம்பார் சாப்பிடுகிறோம்.

சரி, அப்படியானால் எதைத்தான் விட வேண்டும்?

யேசு சொன்னது கறியை விடச் சொல்லி அல்ல. மாற்கு 8:34-ல் அவர் விடச் சொல்வது "தன்னை". அந்த இடத்தை நம் தமிழ் பைபிள்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளில் பயன்படும் பழைய மொழிபெயர்ப்பு "வெறுத்தல்" என்கிற சொல்லைப் போடுகிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு தன்னலத்தைத் "துறத்தல்" என்கிறது. இரண்டும் நல்ல தமிழ்தான். ஆனால் இரண்டிலும் ஒரு முக்கியமான விஷயம் மறைந்துபோகிறது.

கிரேக்க மூலத்தில் இருக்கிற வினைச்சொல், அதே மாற்கு நற்செய்தியில் இன்னொரு இடத்தில் வருகிறது. எங்கே தெரியுமா? பேதுரு சேவல் கூவுவதற்குள் மூன்று முறை யேசுவை மறுதலிக்கிற இடத்தில்! தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு வேலைக்காரப் பெண் நீயும் அந்த ஆள்தானே என்கிறாள். அந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது என்கிறார் பேதுரு. அதுதான் மறுதலித்தல். 'எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை' என்று நாலு பேர் முன்னால் சொல்வது.

இப்போது அந்த அர்த்தத்தை மாற்கு 8:34-ல் போட்டுப் பாருங்கள். தன்னை மறுதலிப்பது என்றால் தன் வயிற்றைக் காயப்போடுவது அல்ல. தன் பெருமையைப் பார்த்து, நான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிற அந்த ஆளைப் பார்த்து, "இவனை எனக்குத் தெரியாது" என்று நாலு பேர் முன்னால் சொல்வது.

எங்கள் ஊர்ப்பக்கம் "நான்" என்றால் என்ன? பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெரியவர் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊர்ப்பா? எந்தத் தெரு? அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, நீங்க எந்த ஆளுங்க? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது என் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் இருக்கிறது என்னுடைய "நான்". முற்றத்தில் பேதுருவிடம் கேட்ட அதே கேள்விதான். நீ எந்த ஆள்?

நாம் கறியை மறுதலித்துவிட்டோம். சாதியை மறுதலிக்கவில்லை. என் ஒட்டுமொத்தக் குற்றச்சாட்டும் இந்த இரண்டு வரிதான். மீதி எல்லாம் சாட்சியம்.

முதல் சாட்சியம் எங்கள் மாவட்டத்திலிருந்தே. எறையூர். இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம், அப்போது விழுப்புரம் மாவட்டம். கத்தோலிக்கர் பெரும் எண்ணிக்கையில் வாழும் ஊர், பெரிய பழைய கோயில். அந்தக் கோயிலில், கல்லறைப் பாதையில், சவ ஊர்வலம் போகிற தெருவில் தங்களுக்குச் சம உரிமை இல்லை என்றும், தங்களுக்குத் தனிப் பங்காவது கொடுங்கள் என்றும் தலித் கிறிஸ்தவர்கள் போராடினார்கள். 2008 மார்ச் 9-ம் தேதி அது கலவரமாக வெடித்தது. தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் சுட்டுக் கொல்லப்பட்டவனும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது தேதியை. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. அப்படியானால் மார்ச் 9 என்ன நாள்? தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அடுத்த வாரம் குருத்தோலை. அதாவது ஊரே நோன்பில் இருந்த நேரம்! அன்றைக்கு அந்த ஊரில் எத்தனை வீட்டில் கறிக்குழம்பு கொதித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நம் வழக்கப்படி ரொம்பக் குறைவாகத்தான் இருந்திருக்கும். சுத்தபோசனம் சாப்பிட்ட கை கல்லை எடுக்கக் கூசவில்லை. நோன்பு மட்டுமே அன்பை வளர்க்கும் என்றால் மார்ச் 9 நடந்திருக்கவே கூடாது.

இரண்டாவது சாட்சியம் இன்னும் பழசு. 1745. நம் மேற்றிராசனத்தின் தலைநகரமான புதுச்சேரி. அங்கே சம்பா கோயில் என்று அழைக்கப்பட்ட தேவாலயத்துக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் தலித் கிறிஸ்தவர்கள். அந்த வருஷம் தலித் கிறிஸ்தவர்கள் சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் நடுவில் இந்தச் சுவர் எதற்கு என்று நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். இதையெல்லாம் எழுதி வைத்தவர் கிறிஸ்தவர்கூட இல்லை. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, தன் நாட்குறிப்பில்! வெளியாள் ஒருவர் வேடிக்கை பார்த்து எழுதுகிற அளவுக்கு இருந்தது நம் அன்பு. 1745-ல் கேட்ட கேள்வியை 2008-ல் எறையூரில் திரும்பக் கேட்க வேண்டி வந்தது. இடையில் எத்தனை தவக்காலம்? இருநூற்று அறுபதுக்கும் மேல்.

இங்கே ஒரு குரல் கேட்கிறது. "தம்பி, சாதி என்பது கலாச்சாரம்ப்பா, விசுவாசம் வேற." இந்தப் பதிலும் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது ராபர்ட் தெ நொபிலி, இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. காவி கட்டினார், கறி மீன் எல்லாவற்றையும் விட்டார், ஒரு வேளை சோறும் காய்கறியும் சாப்பிட்டார். தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தமிழில் எழுதிக் குவித்தார். தன்னொறுத்தல் என்றால் அவரைவிடப் பெரிய ஆளை நம் சரித்திரத்தில் காட்டுவது கஷ்டம். அந்த மரியாதையில் ஒரு துளியும் குறைக்காமல் சொல்கிறேன். அவர் எல்லாவற்றையும் விட்டது உயர்சாதிக்காரர்கள் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று. சாதி வழக்கம் வெறும் சமூக மரியாதை, அதை வைத்துக்கொண்டே கிறிஸ்தவராக இருக்கலாம் என்பது அவர் வாதம். தாழ்த்தப்பட்டவர்கள் மத்தியில் வேலை செய்யப் பிறகு பண்டாரசாமிகள் என்று வேறு ஒரு வகைக் குருக்களை ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. கறியை விட்ட துறவிக்கு வரிசையை விட முடியவில்லை. நானூறு வருஷமாக நாம் அந்த ஏற்பாட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். வட்டி என்று சொன்னேனே, அதைக் கட்டுவது நாம் இல்லை. தலித் கிறிஸ்தவர்கள்.

எப்படி என்று கேட்கிறீர்களா? அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950. அதன் மூன்றாம் பத்திப்படி இந்து மதத்தில் இருப்பவர்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்றுவரை சேர்க்கவில்லை. ஆகவே ஒரு தலித் ஞானஸ்நானம் வாங்கினால் மத்திய அரசு வேலையில் பட்டியல் சாதி இடம் போச்சு, தனித்தொகுதி போச்சு. தமிழ்நாட்டில் அவர் பி.சி. பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். இந்தச் சட்டம் அநியாயம், மாற வேண்டும், அது தனி விவாதம். நான் இங்கே சொல்ல வருவது வேறு. யேசுவைப் பின்பற்றுகிறேன் என்று சொன்னதற்காக நிஜமாகவே எதையாவது இழந்தவர் நம் கோயிலில் யார்? அரசாங்கத் தாளில் எழுதிக்கொடுத்த இழப்பு அவருடையது. நான் இழந்தது ஆறு கிலோ கோழி. ஆனால் பங்குப் பேரவையில் முன்வரிசை எனக்கு, தனிச் சுடுகாட்டுப் பாதை அவருக்கு. என்ன ஒரு பேலன்ஸ் ஷீட்!

போதும் ஊர் கதை. உன் கதையைச் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

போன தவக்காலத்தில், அந்தப் பஸ் கேள்விக்கு இரண்டு வாரம் முன்னால், என் வகுப்பில் இன்னொருவன் வீட்டுக்கு அசைன்மெண்ட் எழுதப் போயிருந்தேன். அவனும் ஆர்.சி.தான். ஆனால் வீடு காலனியில். மத்தியானம் ஆனது. அவன் அம்மா வந்து, "எழுதினது போதும் கண்ணு, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார்கள். எனக்கு வயிற்றில் பசி இருந்தது. ஆனால் வாய் தானாகச் சொன்னது: "இல்லம்மா, நான் நோன்பு."

அவர்கள் ஒரு நிமிஷம் நின்றார்கள். "நாங்களும் நோன்புதாம்ப்பா. சாம்பாரும் வாழக்கா வறுவலும்தான்" என்றார்கள்.

அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஒருசந்தி, சாயங்காலம்தான் சாப்பிடுவேன் என்று ஒரு பொய்யைச் சேர்த்து வைத்தேன். அவர்கள் வற்புறுத்தவில்லை. என் முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஒன்றைத் திரும்பப் பார்க்கிற சலிப்பு இருந்தது. என் நண்பன் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் திண்டிவனம் வந்து பஸ் ஸ்டாண்டில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன், குருமாவைத் தொடாமல். நோன்பு முறியக்கூடாது பாருங்கள்!

அன்றைக்கு என் நோன்பு எதற்குப் பயன்பட்டது? ஒரு தாய் போட்ட சோற்றிலிருந்து தப்பிப்பதற்கு. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்பா அம்மா தடுக்கவில்லை, சாமியார் தடுக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. அந்த "தானாக" இருக்கிறதே, அதைத்தான் யேசு மறுதலிக்கச் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அந்த அம்மாவோடு உட்கார்ந்து கோழிக்குழம்பே சாப்பிட்டிருந்தாலும் அது என் சுத்தபோசனத்தைவிட நூறு மடங்கு நல்ல நோன்பாக இருந்திருக்கும்.

அன்பு வந்த பிறகு தியாகம் செய்யலாம் என்று நாம் காத்திருக்கிறோம். அது நேர்மாறாக நடக்கிறது என்பதுதான் என் அனுபவம். இந்த வருஷம் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். போகும்போது எனக்குள் அன்பு ஒன்றும் பொங்கவில்லை. வெட்கம்தான் இருந்தது. கேட்காமலே உட்கார்ந்து சாப்பிட்டேன். மூன்றாவது தடவை போனபோதுதான் அந்த அம்மாவுக்கு முட்டிவலி என்று தெரிந்தது, நண்பனின் அக்கா நர்சிங் முடித்துவிட்டு வேலை தேடுவது தெரிந்தது. பெருமையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால்தான் எதிரே ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு அன்பு வளர்வதற்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. தன்னை மறுப்பதும் அன்பில் வளர்வதும் எப்படி ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் எனக்குப் புரியவே இல்லை. ஒரு வாழைக்காய் வறுவலில் புரிந்தது.

இது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்று உண்டு. 1921-ல் இரண்டு டாக்டர்கள் ஆரம்பித்தது. ஒருவர் தமிழர், ஜேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், பெரிய நூல் ஆலைக் குடும்பத்து வாரிசு. ஆளுகிற இனத்துக்காரன் பங்களாவில், அடிமை நாட்டான் வராந்தாவில் என்று மிஷன்களிலேயே இருந்த காலம். இவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, ஒரே கூரையின் கீழ் ஒரே சோறு தின்று, சுற்றியிருந்த ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மக்கள் ஒருவரைப் பெரியண்ணன் என்றார்கள், ஒருவரைச் சின்னண்ணன் என்றார்கள். சின்னண்ணன் யார் தெரியுமா? வெள்ளைக்காரர்! 1932-ல் சென்னையில் கதர் உடுத்திய அந்த வெள்ளைக்காரரைப் போலீஸ் தடியால் அடித்தது, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. விஷயம் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. தன் இனத்தைப் பார்த்து "இவனை எனக்குத் தெரியாது" என்று சொன்னவனுக்குக் கிடைக்கிற கூலி அது. சிலுவை என்பதும் அதுதான். பேட்டன் பணத்தை விட்டது பெரிதில்லை, பணக்காரர்கள் தர்மம் செய்வது உலக வழக்கம். அவர் வரிசையை விட்டார். தம்பி ஸ்தானத்தில் போய் உட்கார்ந்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எழுதியது தப்பான கைக்குப் போய்விடும். தன்னை மறுப்பதை யாரும் யார்மேலும் சுமத்த முடியாது. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனோடு "சிலுவையைச் சுமந்துக்கோம்மா" என்று பெண்ணை அனுப்பி வைப்பதும், உரிமை கேட்கிற காலனிக்காரரிடம் "தாழ்ச்சியா இருங்க, விட்டுக்கொடுங்க" என்று போதிப்பதும் நற்செய்தி அல்ல. ஏற்கெனவே இல்லாதவனிடம் இன்னும் கொஞ்சம் விடு என்பது தியாகம் இல்லை, வசூல். எறையூரில் தனிப் பங்கு கேட்டவர்களிடம் "ஒற்றுமையைக் குலைக்காதீர்கள்" என்று சொல்வது சுலபம். ஒற்றுமைக்காக எதையாவது விட வேண்டியவன், விடுவதற்குக் கையில் ஏதாவது வைத்திருப்பவன்தான். யேசு தன்னை மறுக்கச் சொன்ன அதே வாயால் பாரம் சுமத்துகிறவர்களைக் கிழித்து எடுத்ததையும் மறக்க வேண்டாம்.

அடுத்த தவக்காலத்துக்கு நான் முன்வைக்கும் பட்டியல் இது. கறியை விடுவதோ விடாததோ உங்கள் இஷ்டம். கீழே உள்ளதில் ஒன்றை விடுங்கள்.

கல்யாண விளம்பரத்தில் ஆர்.சி. என்று போட்டு, அடுத்த வார்த்தையாக சாதியைப் போடுகிறீர்களே, அந்த அடுத்த வார்த்தையை விடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவர் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிற வாலை விடுங்கள். மோட்சத்தில் அதைக் கேட்கப்போவதில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருந்தால், இடிக்கிற செலவுக்கு உங்கள் ஈஸ்டர் மட்டன் காசை முதல் வரவாக எழுதுங்கள்.

பெரிய வியாழன் அன்று பாதம் கழுவ உட்கார வைக்கிற பன்னிரண்டு பேர் எந்தெந்தத் தெரு என்று பங்குக் கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு கிடைக்கிற மரியாதைக் குறைவை நோன்பாக ஒப்புக்கொடுங்கள்.

ஒன்றும் முடியாதா? காலனியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடுங்கள். போதும்.

இதெல்லாம் அரசியல், ஆன்மிகம் இல்லை என்பவர்களுக்கு ஒரே பதில். கண்ணுக்குத் தெரிகிற சகோதரனை நேசிக்காதவன் தெரியாத கடவுளை நேசிக்கிறேன் என்றால் அவன் பொய்யன் என்கிற பொருளில் யோவான் முதல் கடிதம் நாலாம் அதிகாரத்தில் இருக்கிறது. போய் அவரிடம் சொல்லுங்கள், யோவான் அரசியல் பேசுகிறார் என்று.

என் சமண நண்பனுக்கு இந்தக் கட்டுரையைப் பஸ்ஸில் படித்துக் காட்டினேன். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று என்று ஒரு பாறை இருக்கிறது, இருபத்து நாலு தீர்த்தங்கரர்களையும் வரிசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். சந்திரநந்தி என்கிற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட இடம் என்று அங்கே பழைய கல்வெட்டு சொல்கிறது. அப்படிப்பட்ட மரபில் வந்தவன், ஏதாவது பெருமையாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, "பூச்சிக்குப் பாவம் பாக்கறோம்டா. ஆனா எங்க வீட்லயும் நான் வேற ஆளுங்கள்ல பொண்ணு எடுத்தா தெரியும் சேதி" என்றான். ஆக, நோய் ஒன்றுதான். மருந்து புட்டிகள்தான் வேறு வேறு.

பஸ் வல்லம் தாண்டியதும் பக்கத்து சீட்டுப் பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பசங்களா, எந்த ஊரு?"

சொன்னோம்.

"எந்தத் தெரு?"

சொன்னோம்.

"நீங்க எந்த ஆளுங்க?"

நான் சொன்னேன்: "தெரியாதுங்க."

பெரியவர் விடவில்லை. உங்க அப்பா யாரு, தாத்தா யாரு என்று சுற்றி வளைத்து இன்னும் இரண்டு தடவை கேட்டார். நானும் இரண்டு தடவை தெரியாது என்றேன். மொத்தம் மூன்று. சேவல் எதுவும் கூவவில்லை.